விளிம்பில் நிற்கும் ராபோ

முதலில் ராபோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோளில் ஏணி, தலையில் விளக்கு, சுண்டுவிரல் உயரம். திரையின் இடது ஓரத்தில் தோன்றி வலது ஓரத்தைப் பார்த்து ஓடுவான். ஓடுவது வீட்டுக் கூரைகள் மேல். ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவில் பள்ளம் இருக்கும், பள்ளம் வந்தால் குதிக்க வேண்டும். ஓட இடது பெருவிரல், குதிக்க வலது பெருவிரல். அவ்வளவுதான் விளையாட்டு. டிவியில் செருகி ஆடும் கேசட் காலத்தில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் அவனை ராபோ என்று கூப்பிட்டதில்லை. ஏணி அண்ணாச்சி என்றுதான் சொல்வோம்.

என் தம்பி டென்சிங்குக்கும் எனக்கும் அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பட்டனைக் குத்தம் சொன்னால் கைமாத்தணும். அண்ணாச்சி பள்ளத்தில் விழுந்தால், விழவிட்டவர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி ஆடலாம். 'நான் அமுக்கினேன், பட்டன்தான் வேலை செய்யல' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போச்சு, கருவியை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் வளர்ந்து அந்தச் சட்டத்தையே பிழைப்பாக்கிக்கொண்டேன். பெயர் பியூலா, வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவள். எழுத வந்த நாளிலிருந்து கதையைத் திட்டியிருக்கிறேன், இசையைத் திட்டியிருக்கிறேன், விலையைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். பட்டனை மட்டும் திட்டியதில்லை. பட்டன்மேல் பழி போடும் விமர்சகர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

அதனால் 'வெல்லோ' என்ற புதுக் கையடக்கக் கருவியில் ராபோவை மறுபடி கொண்டுவருகிறார்கள், விமர்சனத்துக்கு ஒன்று அனுப்புகிறோம் என்று கம்பெனி எழுதியபோது எனக்குப் பெரிய ஆர்வமெல்லாம் இல்லை. பழைய ஆட்டத்தைச் சின்னத் திரைக்குள் அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரியும். படம் பளபளவென்று இருக்கும், ஆட்டம் சவசவ என்று இருக்கும். விரல் அமுக்கியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் ஒரு நொடித்துளி சோம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூரை ஓரத்தில் அந்தச் சோம்பல் ஒன்றே போதும் அண்ணாச்சியைக் கொல்ல.

டென்சிங்தான் கேட்டான். "வாங்குக்கா. ஏணி அண்ணாச்சிய இன்னொருக்கா பாக்கணும்."

அவன் கேட்டால் நான் எதையும் வாங்குவேன். அவன் இடது கை அப்போதே போய்விட்டிருந்தது. அதையடுத்துக் கால்களும். நரம்புகள் தசைகளுக்குக் கட்டளை கொடுப்பதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வரும் வியாதி. எங்கள் அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான். இரண்டு பேருக்குமே இடது கையில்தான் ஆரம்பித்தது. அப்பா சட்டைப் பொத்தான் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்ற காலைநேரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இது ரத்தத்தில் வருவது, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் எடுக்கவில்லை. வீட்டில் ஒரு ஆளாவது தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

டென்சிங்கின் வலது கை மட்டும் பிழைத்துக் கிடந்தது. அந்தக் கையால் ஸ்பூன் பிடிப்பான், டிவி ரிமோட்டை அமுக்குவான், நான் எழுதியதை டேப்லெட்டில் தள்ளித் தள்ளிப் படித்துத் தப்பு கண்டுபிடிப்பான். என் விமர்சனம் எதுவும் அவன் படிக்காமல் வெளியே போனதில்லை. வெல்லோ வந்து சேர்ந்தபோது அந்தக் கையால் அதை எடுத்து எடை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்தக் கையால எப்படி ஆட?" என்றான்.

"நான் எதுக்குல இருக்கேன்?" என்றேன்.

அவன் சக்கர நாற்காலியை ஒட்டி என் நாற்காலியைப் போட்டேன். கருவியின் இடது பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், வலது பக்கத்தை அவன். ஓட்டம் என்னுடையது, குதிப்பு அவனுடையது. கருவியைத் திறந்ததும் ஒரு கேள்வி வந்தது. 'முன்னோடி' என்ற வசதி வேலை செய்ய வேண்டுமானால், இந்தக் கருவியை ஒரே ஒருவர்தான் பயன்படுத்துவார் என்று உறுதி சொல்ல வேண்டுமாம். நான் டென்சிங்கைப் பார்த்தேன்.

"ஆமான்னு போடு. நாம ஒரே ஆள்தான்" என்றான்.

போட்டேன். ஒரே ஆளின் இரண்டு கைகள் என்று கருவி எங்களைப் பதிந்துகொண்டது.

ஆட்டத்தை என்ன சொல்ல! இருபது வருஷ எரிச்சலை ஒரு காலைப்பொழுதில் துடைத்துப் போட்டுவிட்டது. சோம்பல் என்ற பேச்சே இல்லை. பழைய டிவியில்கூட அண்ணாச்சி இத்தனை லேசாக ஓடியதில்லை. நினைத்த இடத்தில் நின்றான், நினைத்த நேரத்தில் குதித்தான். நான் ஓட, டென்சிங் குதிக்க, ஆட்டத்தின் முதல் கட்டமான முதல் வீதியின் முடிவில் தொங்கும் மணியை அடித்தபோது இரண்டு பேரும் கத்தியதில் பக்கத்து வீட்டு எஸ்தர் சித்தி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

டென்சிங்குக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்குப் பழக்கம். பள்ளத்துக்கு முன்னால் ஒரு குட்டித் துள்ளல் துள்ளிவிட்டுத்தான் பெரிய குதியைப் போடுவான். தேவையே இல்லாத துள்ளல். அதனாலேயே பல தடவை அண்ணாச்சியைக் கொன்றிருக்கிறான். இப்போதும் துள்ளினான். நான் திட்டினேன், அவன் சிரித்தான். அந்த வாரம் எங்கள் வீட்டில் வியாதி இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

அடுத்த வாரம்தான் அதைக் கவனித்தேன். எதேச்சையாக என் கண் திரையிலிருந்து டென்சிங்கின் பெருவிரலுக்குப் போயிற்று. அண்ணாச்சி துள்ளினான். டென்சிங்கின் விரல் அப்போது பட்டன்மேல் சும்மா கிடந்தது. அண்ணாச்சி துள்ளி முடித்த பிறகுதான் விரல் கீழே இறங்கியது.

மறுபடி பார்த்தேன். அப்படித்தான். முதலில் ராபோ, பிறகு விரல்.

"டென்சிங், நீ எப்பம்ல அமுக்குத?"

"அவன் குதிக்கும்போது."

"அவன் முதல்ல குதிக்கான். நீ பிறகுல்லா அமுக்குத."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்க்கா" என்றான்.

அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தான் குதிக்க நினைத்தான், அண்ணாச்சி குதித்தான், அவ்வளவுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் பிழைப்புப் புத்தி விடுமா? 'விரலுக்கு முன்னே ஓடும் வேகம்' என்று விமர்சனத்துக்கு ஒரு தலைப்பை யோசித்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அண்ணாச்சி விழ ஆரம்பித்தான்.

முதலில் அகலமான பள்ளங்களில் மட்டும். துள்ளல் வந்தது, குதி வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. அடுத்த கூரையின் ஓட்டில் கால் தட்டிப் பள்ளத்துக்குள் போனான். டென்சிங் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஆடினான். மறுபடி விழுந்தான். இரண்டொரு நாளில் சின்னப் பள்ளங்களும் தாண்ட முடியாமல் போயிற்று. அப்புறம் ஒருநாள் அண்ணாச்சி கூரையின் விளிம்புவரை ஓடிப்போய் நின்றான். குதிக்கவே இல்லை. டென்சிங்கின் பெருவிரல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. நன்றாக, நகம் வெளுக்கும் அளவுக்கு அமுக்கியது. அண்ணாச்சி பள்ளத்தைக் குனிந்து பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

"நான் அமுக்குதேன்க்கா" என்றான் டென்சிங். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தெரியுதுல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"என் கை நல்லாத்தான் இருக்கு." மேசையிலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துக் காட்டினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கம்பெனிக்கு போன் செய்தேன். விமர்சகர்களைக் கவனிக்க ஆராவமுதன் என்று ஒரு பொறியாளரை வைத்திருந்தார்கள். நல்ல மனிதர். மறுபேச்சு பேசாமல் புதுக் கருவி அனுப்பினார். புதியதில் அண்ணாச்சி முதல் நாள் பறந்தான். கருவி எங்களைப் படிக்கப் படிக்க, அவன் பழையபடி விளிம்புக்குப் போய் நின்றுகொண்டான். இதையும் சொன்னேன்.

"மேடம், நான் நேர்லயே வந்துடறேன்" என்றார்.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, ஜங்ஷனிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும். கதவைத் திறந்ததும் என் வலது கையைத்தான் பார்த்தார். காபி டம்ளரை நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒரு நல்ல டாக்டரைப் பாக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"ஏன், எனக்கென்ன?"

உள்ளேயிருந்து டென்சிங் கூப்பிட்டான். "எக்கா, ரிப்பேர்காரர் வந்தாச்சா?"

ஆராவமுதன் உள்ளே வந்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார். அதை ஒட்டிக் கிடந்த என் நாற்காலியைப் பார்த்தார். நாங்கள் எப்படி ஆடுகிறோம் என்று டென்சிங் உற்சாகமாகச் சொல்லிக்காட்டினான். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நான், கருவிக்கு ரெண்டும் ஒரே ஆள். சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு என்னிடம், "இங்க பக்கத்துல டீக்கடை இருக்கா மேடம்?" என்று கேட்டார். நான் கொடுத்த காபி அவர் கையில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

தெருமுனை டீக்கடையில் பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தோம்.

"முன்னோடின்னா என்னன்னு சொல்றேன்" என்றார். "விரல் அசையறதுக்கு முன்னாடி நரம்புல ஒரு சின்ன மின்சாரம் ஓடும். கருவியைப் பிடிச்சிருக்கற கையோட தோல்ல அதைப் படிக்கலாம். அதைப் படிச்சு, விரல் என்ன செய்யப்போகுதோ அதை முன்னாடியே செஞ்சுட்டா சோம்பல் போயிடும். அதான் ஐடியா."

"அது புரியுது. ஆனா அமுக்கின பிறகும் ஏன் குதிக்கல?"

"படிக்கப் படிக்க அது இன்னும் முன்னால போகும் மேடம். முதல்ல ஒரு கண்ணிமை நேரம். அப்புறம் இன்னும் கொஞ்சம். எவ்வளவு தூரம் முன்னால போகலாம்னு நாங்க எல்லை வைக்கல. வைக்கணும்னு யாருக்கும் தோணல." டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். "இப்ப அது உங்க தம்பியோட இன்னிக்குக் கையை விளையாடல. வரப்போற கையை விளையாடுது."

எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்லுதிய?"

"எங்க ஆபீஸ்ல ஒரு டெஸ்டர் இருந்தார். அவர் கையில மட்டும் ராபோ நடுங்குவான். மூணு கருவி மாத்தினோம். பட்டனைப் பிரிச்சு மேய்ஞ்சோம். ஒண்ணுமில்ல. அப்புறம் அவருக்கே நடுக்கம் வந்தது. நடுக்கு வாதம்னு சொன்னாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க புகார் சொன்னதும் உங்க கருவியோட பதிவை எடுத்துப் பாத்தேன். இடது கை நல்லா இருக்கு, வலது கை மட்டும் சரிஞ்சுகிட்டே போகுது. உங்களுக்குத்தான்னு நினைச்சு ஓடி வந்தேன்."

"இவ்வளவும் தெரிஞ்சா ஏன் விக்குதிய?"

"ஆட்டம் நல்லா ஓடுதே மேடம். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "கம்பெனியில இது தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா வெளியில எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாங்க. ஒரு தனியார் பஸ் கம்பெனி அவங்க டிரைவர் எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு வாங்கிக் கொடுக்கப்போகுது. ஓய்வு நேரத்துல விளையாடட்டும்னு. பதிவை மட்டும் எங்களுக்கு அனுப்பிடுங்கன்னு கேட்டிருக்கு. யார் கை எப்ப நிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா, வேலையை விட்டுத் தூக்கிடலாம் இல்லையா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இவர்மேலா, அந்தக் கம்பெனிமேலா, டென்சிங்கின் கையில் மிஞ்சியிருந்ததையும் எடுத்துக்கொண்டு போகிற எங்கள் ரத்தத்தின்மேலா? டீக்கடை என்றும் பாராமல் அழுதேன்.

"எவ்வளவு நாள் முன்னால ஓடுது?"

"தெரியாது மேடம். சில வாரம் இருக்கலாம்."

"என் தம்பிகிட்ட இதச் சொல்லக்கூடாது."

"நான் சொல்லமாட்டேன்" என்றவர், எழுந்தபோது தயங்கினார். "ஆனா நீங்க விமர்சனம் எழுதறவங்க. நீங்க எழுதினா நாலு பேர் படிப்பாங்க. நான் எழுத முடியாது, வேலை போயிடும்."

அந்த வார்த்தையை என் மடியில் போட்டுவிட்டு அவர் ரயிலேறிவிட்டார்.

எழுதினால் டிரைவர்கள் தப்பிப்பார்கள். எழுதினால் டென்சிங் படிப்பான். அவன் படிக்காமல் எதையும் அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இந்த ஒன்றை மட்டும் மறைத்தால் அதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். அவன் கை இன்னும் டம்ளரைப் பிடிக்கிறது, இன்னும் சோற்றைப் பிசைகிறது. அந்தக் கையின் சாவுச்செய்தியை நான் எழுதி அவனிடமே திருத்தக் கொடுப்பதா? என்னால் முடியாது. டிரைவர்களுக்கு யாராவது இருப்பார்கள், இவனுக்கு நான்தான் இருக்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விமர்சனம் எழுதினேன். படம், இசை, வேகம் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'எங்களுக்கு வந்த கருவிகளில் வலது பட்டனில் சிறு கோளாறு உண்டு.'

டென்சிங் படித்தான். வழக்கமாக இரண்டு இடத்திலாவது நொட்டை சொல்வான். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு சிரித்தான்.

"பட்டனைக் குத்தம் சொன்னா கைமாத்தணும்க்கா."

"இது நெஜமாவே பட்டன்தாம்ல. வந்தவரே சொல்லிட்டாரு."

"சரி சரி. அனுப்பு."

அனுப்பினேன். கம்பெனிக்கு ஒரே மகிழ்ச்சி. வலது பட்டனைச் சரிசெய்துவிட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். இல்லாத கோளாறைச் சரிசெய்வது லேசுதானே.

சாரல் காலம் முடிவதற்குள் டென்சிங்கின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான், விளிம்பில் நின்ற அண்ணாச்சி பள்ளத்தைப் பார்த்த அதே மாதிரி. நான் எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். ரெண்டாம் நாள் மறுபடி விழுந்தது. அதன் பிறகு நான்தான் ஊட்டினேன். ரிமோட் போயிற்று, டேப்லெட் போயிற்று. நான் எழுதுவதை இப்போது நானே வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அழுவதென்றால் குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வெளியே வந்தால், "எக்கா, தண்ணி கஷ்டம் தெரியாதா உனக்கு?" என்பான்.

கருவியை அலமாரிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன். அவன்தான் வெளியே எடுக்கச் சொன்னான்.

"நீ ரெண்டு கையாலயும் ஆடுக்கா. நான் பாக்கேன்."

"வேண்டாம்ல அந்தச் சவம்."

"அண்ணாச்சி என்ன பண்ணினான் உன்னை? எடு."

எடுத்தேன். முன்னோடியை அணைக்கப் போனேன். வேண்டாம் என்றான். ஏன் என்று முதல் பள்ளத்திலேயே தெரிந்தது. இரண்டு பெருவிரலும் என்னுடையவை. ஆனால் பள்ளத்துக்கு முன்னால் அண்ணாச்சி ஒரு குட்டித் துள்ளல் துள்ளினான். நான் துள்ளவில்லை, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகப் படித்த கருவி அந்தத் துள்ளலை வைத்திருந்தது. பலம் என் விரலிலிருந்து வந்தது, துள்ளல் டென்சிங்கிடமிருந்து வந்தது. டென்சிங் வாய்விட்டுச் சிரித்தான். அவ்வளவு சத்தமாகச் சிரித்து நாளாகியிருந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவேன். அவன் "துள்ளுதான் பாரு, துள்ளுதான் பாரு" என்பான். கோயில் மணி அடிக்கும்வரை ஆடுவோம். பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மூன்றாம் வீதியில் போய்க்கொண்டிருந்தோம். அகலமான கூரை, பள்ளம் இன்னும் தூரத்தில். அண்ணாச்சி நடுக்கூரையில் திணறினான்.

நான் இடது பெருவிரலை அழுத்தினேன். இரண்டு எட்டு வைத்தான், நின்றான். மறுபடி அழுத்தினேன். ஏணி கனப்பதுபோல் ஒரு காலை இழுத்துக்கொண்டு விளிம்புவரை நடந்தான். அங்கே போய் நின்றுவிட்டான். என் வலது விரல் குதிக்கச் சொன்னது. நின்ற இடத்திலேயே நேராக மேலே குதித்து, நின்ற இடத்திலேயே இறங்கினான். ஓட்டம்தான் வரவில்லை. இடது விரலை நான் எடுக்கவே இல்லை. நகம் வெளுத்திருந்தது.

என் கை நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் டென்சிங்குக்குச் சட்டைப் பொத்தான் எல்லாம் இந்தக் கையால் போட்டுவிட்டிருந்தேன்.

திரையில் அண்ணாச்சி பள்ளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"எக்கா" என்றான் டென்சிங்.

"ம்."

"இடது பட்டன்ல கோளாறு போல."

அவன் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை.

"பட்டனைக் குத்தம் சொன்னா கைமாத்தணும்ல" என்றேன்.

"கைமாத்த எங்கிட்ட என்னக்கா இருக்கு?"

கருவியை மேசையில் வைத்துவிட்டு அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். இடது கையால்தான் துடைத்தேன். அந்தக் கையை அவன் கன்னத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"எப்பம்ல தெரியும் உனக்கு?"

"நீ வலது பட்டன்னு எழுதினப்பமே தெரியும். நீ பட்டனைக் குத்தம் சொல்லுதவளா? அண்ணாச்சி ஆயிரம் தடவ விழுந்தப்பகூடச் சொன்னது கெடையாது."

"பிறகு ஏம்ல ஒண்ணுமே கேக்கல?"

"நீ எனக்காகத்தான சொல்லாம இருந்த. கேட்டா உனக்கு அந்த ஆறுதலும் இல்லாமப் போயிரும்லா."

வெளியே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அப்போதுதான் ஆராவமுதன் டீக்கடையில் சொன்ன மிச்சத்தையும் அவனிடம் சொன்னேன். டிரைவர்களுக்கு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுப்பதையும், பதிவு யாருக்குப் போகிறது என்பதையும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அந்த ஆளுவளுக்குத் தெரியாதுல்லாக்கா. அவனுவ பட்டன்தான்னு நெனச்சுக்கிட்டு அமுக்கிக்கிட்டே இருப்பானுவ."

"ஆமால."

"நாம ரெண்டு பேரும் மாறிமாறிப் பட்டனைக் குத்தம் சொல்லிக்கிட்டது போதும். லேப்டாப்ப எடு."

எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய விமர்சனத்தைத் திறந்து கடைசி வரியை அழித்தேன். மேசையில் கருவி இன்னும் அணையவில்லை. யாரும் தொடாமலே அண்ணாச்சி ஒரு தடவை துள்ளினான். பிறகு பழையபடி விளிம்பில் நின்றான்.

"முதல் வரி என்ன போட?" என்று கேட்டேன்.

டென்சிங் யோசிக்கவே இல்லை. அவன் சொன்னதை அப்படியே அடித்தேன்.

'வெல்லோவில் ராபோ: பட்டன்களில் எந்தக் கோளாறும் இல்லை.'